சித்தியின் மாத்திரையும் காலித் தட்டும்

சித்தி காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மாத்திரை போடுகிறார். ஒவ்வொன்றும் 150 மில்லிகிராம், பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். பெயர் ஓலாபரிப். போன வருடம் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நீ இந்த வேலைதானே பாக்குற. எது நல்ல செல், எது கெட்ட செல்லுன்னு இந்த மாத்திரைக்கு எப்படித் தெரியும்?"

"மாத்திரைக்கு எதுவும் தெரியாது சித்தி. அது எல்லா செல்லுக்கும்தான் போகுது."

"அப்புறம் எப்படி?"

நான் டிஎன்ஏ பழுதுபார்ப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். இதே வகை மருந்துகளை எத்தனையோ முறை செல் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றியிருக்கிறேன். இருந்தும் அன்று சித்திக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்திக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிட்ட மாதிரி இருப்பது என்றுதான் ஆரம்பித்தது. வாயுத் தொல்லை என்று மாதக்கணக்கில் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இந்த நோய்க்கு அந்த வழக்கம் உண்டு. ஓசைப்படாமல் வளர்ந்துவிட்டுத்தான் வெளியே வரும். ஸ்கேன் எடுத்தபோது மூன்றாம் கட்டம். அறுவைச் சிகிச்சை, ஆறு கீமோ எல்லாம் முடிந்தன. நடுவில் ஒரு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பிஆர்சிஏ1 மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிழை இருப்பது அதில் தெரிந்தது. என் பாட்டி, அதாவது சித்திக்கும் என் அம்மாவுக்கும் அம்மா, 1987-இல் 'வயித்துக்கட்டி'யில் போனவர். அந்த ஒரு வரி அறிக்கை முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சாவுக்குக் காரணம் சொன்ன மாதிரி இருந்தது.

இந்தப் பிழையோடு பிறந்த பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதைவிட அதிகம். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

சரி, பிஆர்சிஏ1 என்ன செய்கிறது? நம் உடலில் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதாகிறது. சூரிய ஒளியோ புகையோ வேண்டாம், செல் உயிரோடு இருப்பதே அதற்குப் போதும். டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. பெரும்பாலும் ஒரு இழைதான் அறும். அதைக் கண்டுபிடித்து ஒட்டவைக்க ஒரு குழு இருக்கிறது. முறிவு நடந்த சில நொடிகளில் அங்கே போய் உட்கார்ந்து மற்றவர்களைக் கூப்பிடுவது பார்ப் என்ற புரதம். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் கதை வேறு. அது பெரிய முறிவு. அதைப் பிழையில்லாமல் சரிசெய்ய, பக்கத்தில் இருக்கும் இன்னொரு நகலைப் பார்த்து எழுத வேண்டும். அந்த வேலைக்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் வேண்டும்.

எல்லாரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சித்தி பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது. ஆனால் இன்னொன்று நன்றாக இருந்தது. அது ஒன்று போதும். ஐம்பது வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. எங்கோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போனது. பெரிய முறிவுகளைச் சரிசெய்யும் வழி அந்த ஒரு செல்லுக்கு இல்லாமல் போனது, அதனால் பிழைக்கு மேல் பிழை சேர்ந்தது, புற்றுநோய் ஆனது. அதாவது சித்தியின் உடம்பில் புற்றுநோய் செல்களுக்கு மட்டும்தான் பிஆர்சிஏ1 அடியோடு இல்லை. கைவிரல் செல்லுக்கு இருக்கிறது, கண்ணுக்கு இருக்கிறது, குடலுக்கு இருக்கிறது.

மருந்து பிடித்துக்கொண்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதன் வேர் புற்றுநோய் ஆராய்ச்சியிலேயே இல்லை. 1922-இல் கால்வின் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கர் பழ ஈக்களை வைத்து வேலை செய்யும்போது ஒன்றைக் கவனித்தார். சில மரபணு மாற்றங்கள் தனியாக வந்தால் ஈ பிழைத்துக்கொள்கிறது. இரண்டு மாற்றம் ஒரே ஈயில் சேர்ந்துவிட்டால் செத்துவிடுகிறது. 1946-இல் தியடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, அவரும் ஈக்காரர்தான், இதற்கு சிந்தெட்டிக் லெதாலிட்டி என்ற பெயரைக் கொண்டுவந்தார். சிந்தெட்டிக் என்றதும் 'செயற்கை' என்று பலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இங்கே அந்தப் பொருள் இல்லை. கிரேக்க மூலத்தில் 'ஒன்றுசேர்த்தல்' என்று அர்த்தம். சேர்ந்தால் வரும் சாவு. கூட்டுச்சாவு என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஐம்பது வருடம் இது ஈக்காரர்கள், ஈஸ்ட்காரர்கள் கையில் மட்டும் இருந்தது. 1997-இல் சியாட்டிலில் ஈஸ்ட் ஆராய்ச்சியாளரான லீ ஹார்ட்வெல், ஸ்டீபன் ஃபிரெண்ட் முதலானவர்களோடு சேர்ந்து சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோய் செல் ஏற்கெனவே ஒரு மரபணுவை இழந்திருக்கிறது; அதோடு சேர்ந்தால் சாவு தரும் இரண்டாவதை மருந்தால் நிறுத்தினால் என்ன என்பது அவர்கள் யோசனை. நல்ல செல்லில் முதலாவது இருப்பதால் அது தாங்கும். புற்றுநோய் செல் தாங்காது. ஹார்ட்வெல்லுக்கு 2001-இல் நோபல் கிடைத்தது, செல் பிரிதல் பற்றிய ஆராய்ச்சிக்காக. என்னைக் கேட்டால், இந்த யோசனை அதற்குக் குறைந்ததில்லை.

ஆனால் காகிதத்தில் இருந்த யோசனைக்கு உண்மையான ஒரு ஜோடி வேண்டும். அதைக் கண்டவர்களில் ஒருவர் ஆலன் ஆஷ்வொர்த். இங்கிலாந்துக்காரர், மூலக்கூறு உயிரியலாளர், லண்டனில் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர். பிஆர்சிஏ1 எந்த குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி கிளேர் கிங் 1990-இல் காட்டினார். 1994-இல் மரபணு கைக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் லண்டன் நிறுவனத்தில் மைக் ஸ்ட்ராட்டன் தலைமையில் பிஆர்சிஏ2-வைப் பிடித்தார்கள். அந்தக் குழுவில் ஆஷ்வொர்த்தும் இருந்தார். மரபணு கிடைத்தாகிவிட்டது, இனி என்ன? யாருக்கு ஆபத்து என்று சொல்லலாம், எச்சரிக்கலாம், உறுப்பை எடுக்கச் சொல்லலாம். நோய் வந்துவிட்டவர்களுக்குத் தர அந்தக் கண்டுபிடிப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த பத்து வருடம் ஆஷ்வொர்த் இதோடுதான் மல்லுக்கட்டினார். பிஆர்சிஏ இல்லாத செல்லுக்கு எது குறை, அந்தக் குறையோடு அது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று தேடினார்.

மறுபக்கம் பார்ப்பைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தன. சித்தியின் ஓலாபரிப்பும் இந்த வகைதான். நியூகாசிலில் நிகோலா கர்ட்டினும் அவர் கூட்டாளிகளும் 1990-களிலிருந்து அவற்றைச் செய்துவந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஸ்டீவ் ஜாக்சன் தொடங்கிய குடோஸ் என்ற சிறிய கம்பெனியும் செய்தது. நோக்கம் வேறு. கீமோவும் கதிர்வீச்சும் டிஎன்ஏ-வை அறுக்கும், பார்ப்பைத் தடுத்தால் பழுதுபார்ப்பு நடக்காது, கீமோவின் அடி பலமாக விழும். துணை மருந்தாகத்தான் நினைத்தார்கள். 2003-இல் நியூகாசிலில் முதல் நோயாளிக்குக் கொடுத்தபோதும் கீமோவோடு சேர்த்தே கொடுத்தார்கள்.

தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இரண்டு குழு. ஆஷ்வொர்த்தின் குழு குடோஸின் மருந்தை வைத்து. ஷெஃபீல்டில் இருந்த ஸ்வீடன்காரர் தாமஸ் ஹெல்லடேயின் குழு கர்ட்டினின் மருந்தை வைத்து. இரண்டு கட்டுரையும் 2005 ஏப்ரல் 14-ஆம் தேதி நேச்சர் இதழில் அடுத்தடுத்து வந்தன.

அவற்றில் இருக்கும் முக்கியமான சோதனை நான் கையால் செய்வதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிண்ணம் மாதிரி ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் சில நூறு செல்களை மட்டும் விட வேண்டும், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழுகிற மாதிரி. ஊற்றியதும் தட்டைச் சுழற்றக் கூடாது, சுழற்றினால் எல்லாம் நடுவில் கூடிவிடும். முன்னும் பின்னும் ஒரு ஆட்டு, இடமும் வலமும் ஒரு ஆட்டு, அவ்வளவுதான். மருந்தைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்துவிட்டு பத்து, பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். பிழைத்த செல் பிரிந்து பிரிந்து ஒரு சின்னக் குடும்பமாகும். பிறகு கிரிஸ்டல் வயலட் என்ற சாயம். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு ஊதா. விரல் நுனியில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது. கழுவிக் கவிழ்த்து உலர்த்தினால் தட்டில் ஊதாப் புள்ளிகள் தெரியும். ஐம்பது செல்லுக்கு மேல் இருந்தால் அதை ஒரு புள்ளியாக எண்ண வேண்டும். பேனாவால் தட்டின் அடியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே எண்ணுவேன்.

நல்ல செல் இருக்கும் தட்டில் மருந்து ஊற்றினாலும் புள்ளிகள் அப்படியே இருக்கும். பிஆர்சிஏ இல்லாத செல் இருக்கும் தட்டில், அதைவிட நூறில் ஒரு பங்கு மருந்துக்கே புள்ளிகள் காணாமல் போகும். குறைவது இல்லை, காணாமல் போவது. முதல் முறை அந்தக் காலித் தட்டைப் பார்த்தபோது செல்லைப் போடவே மறந்துவிட்டேனோ என்று பயந்து, மறுபடி மூன்று தட்டு போட்டேன். மூன்றும் காலி.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். பின்னால் ஒரு நாள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டில் படம் வரைந்து, இரண்டு வழி, ஒன்றை அடைத்தால் இன்னொன்று என்று சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு அவரே சொன்னார். "காவிரிப் பாலத்த மூடுன மாதிரியா?"

2022 நவம்பரில் திருச்சி காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். அடுத்த மார்ச் வரைக்கும் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எல்லாரும் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். திட்டிக்கொண்டேதான் போனார்கள், ஆனாலும் ஊர் நடந்தது.

"ஆமா சித்தி. மாத்திரை ஒரு பாலத்த மூடுது. நல்ல செல்லு எல்லாம் பைபாஸ்ல போயிடும். கெட்ட செல்லுக்கு அந்தப் பைபாஸ் பாலம் ஏற்கெனவே இடிஞ்சு கிடக்கு."

"அதனாலதான் எனக்கும் இந்த அசதியா? சுத்திப் போறதால?"

அதற்கு நான் ஆமாம் என்றுதான் சொன்னேன். இந்த மருந்தில் அசதி, குமட்டல், ரத்தசோகை மூன்றும் வழக்கம். ஒருமுறை ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்கி மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜை செல்கள் அந்தச் சுற்றுவழியில் கொஞ்சம் திணறத்தான் செய்கின்றன. மிகச் சிலருக்கு ரத்தப் புற்றுநோயே வந்திருக்கிறது. அதை மருத்துவர் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

பாலம் என்ற உவமையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 2005-இல் எல்லாரும் நினைத்தது, பார்ப் வேலை செய்யாததால் சின்ன முறிவுகள் தேங்குகின்றன என்று. ஆனால் பார்ப்1 மரபணுவே இல்லாத எலிகள் நன்றாக வாழ்கின்றன, குட்டியும் போடுகின்றன. 2012-இல் அமெரிக்காவில் ஈவ் பொமியேயின் ஆய்வகம் இன்னும் தெளிவாகக் காட்டியது. முறிவின் மேல் போய் உட்காரும் பார்ப், வேலை முடிந்ததும் எழுந்து போக வேண்டும். மருந்து அதை எழவிடுவதில்லை. டிஎன்ஏ-வை நகலெடுத்துக்கொண்டு வரும் இயந்திரம் அதன் மேல் வந்து மோதுகிறது, அங்கே பெரிய முறிவு உண்டாகிறது. பாலத்தை மூடினதோடு இல்லை, பாலத்தின் நடுவில் லாரியைக் குறுக்கே நிறுத்தி வைத்த மாதிரி.

2005-க்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆரம்பம் அப்படித்தான். 2009-இல் வெளியான முதல் மருத்துவச் சோதனையில், பிஆர்சிஏ பிழை உள்ள 19 நோயாளிகளில் 12 பேருக்குப் பலன் தெரிந்தது. அத்தனை பேரும் மற்ற சிகிச்சைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பிறகு 2011 வந்தது. இன்னிபரிப் என்ற வேறொரு மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அது உண்மையில் பார்ப்பைத் தடுக்கும் மருந்தே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது, ஆனால் கெட்ட பெயர் எல்லாருக்கும் சேர்ந்தே வந்தது. அதே வருடக் கடைசியில் ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் சினைப்பைப் புற்றுநோய்க்கான ஓலாபரிப் முயற்சியை நிறுத்தியது. சோதனையில் நோய் திரும்பாமல் இருந்த காலம் 4.8 மாதத்திலிருந்து 8.4 மாதமாகத்தான் கூடியிருந்தது, ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

அந்தச் சோதனையில் பிஆர்சிஏ பிழை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்திருந்தார்கள். பழைய மாதிரிகளை எடுத்து மரபணுவைப் பார்த்துப் பிரித்தபோது, பிழை உள்ளவர்களுக்கு மட்டும் அது 4.3-லிருந்து 11.2 மாதம். 2013-இல் மறுபடி எடுத்தார்கள், 2014 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. 2018-இல் வந்த சோலோ-1 சோதனைதான் சித்திக்கு நேரடியாகப் பொருந்துவது. முதல் கீமோ முடிந்ததும் இரண்டு வருடம் மாத்திரை. 391 பெண்கள். நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 70 சதவீதம் குறைந்தது. ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அதற்குப் பதில் போலி மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம்.

இந்த எண்களை நான் பல கருத்தரங்குகளில் திரையில் பார்த்திருக்கிறேன். சித்திக்கு அறிக்கை வந்த அன்று இரவு மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த 67-க்கும் 46.5-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லும் சும்மா இருப்பதில்லை. 2008-இல் ஆஷ்வொர்த்தின் ஆய்வகம், பிஆர்சிஏ2 இழந்த கணையப் புற்றுநோய் செல்களை மருந்திலேயே வளர்த்துப் பார்த்தது. பிழைத்துக்கொண்ட சில செல்களில் மரபணு திரும்ப வேலை செய்தது. சியாட்டிலில் தனிகுச்சியின் ஆய்வகமும் அதே சமயத்தில் அதையே கண்டது. இது எப்படி நடக்கிறது என்பதை என் மாணவர்களுக்குத் தமிழ் எழுத்துகளை வைத்துத்தான் காட்டுவேன். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 'அவன் மரம் படம் குடம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வ' ஒன்று விழுந்துவிட்டால் 'அன்ம ரம்ப டம்கு டம்' என்று ஆகிவிடும், கடைசி வரை உளறல். இப்போது 'ர', 'ம்' என்று இன்னும் இரண்டு எழுத்து விழுகிறது. 'அன்ம படம் குடம்'. முதல் சொல் கெட்டதுதான், ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் சரியாகப் படிக்க வருகிறது. புற்றுநோய் செல்லும் இப்படி இன்னும் கொஞ்சம் தொலைத்து, இழந்ததைத் திரும்ப வாங்கிவிடுகிறது. இடிந்த பாலத்தை அதுவே கட்டிக்கொள்கிறது. இதைப் படித்தபோது மனசு கனத்தது. ஆனால் யோசனை சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தப்பிக்க வேண்டுமென்றால் செல் அந்த ஒரு மரபணுவைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

இப்போது தேடல் விரிந்துவிட்டது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியை வைத்து, ஒரு செல்லில் இருக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி எது இல்லாவிட்டால் அது சாகிறது என்று பட்டியல் போடுகிறார்கள். 2019-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் 30 வகைப் புற்றுநோய்களிலிருந்து 324 செல்வகைகளில் இதைச் செய்து முடித்தது. டபிள்யூஆர்என் என்ற மரபணு அப்படித்தான் வந்தது. டிஎன்ஏ-வின் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் திறனை இழந்த குடல் புற்றுநோய்கள் அதன்மேல்தான் சாய்ந்து நிற்கின்றன. அதற்கான மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டன.

நிகோலா கர்ட்டினைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் குழுவின் மருந்து ருகாபரிப் என்ற பெயரில் 2016-இல் அனுமதி பெற்றது. உரிமத்தொகையில் அவர் பங்காகச் சுமார் 8,65,000 பவுண்டு வந்தது. அதை அப்படியே கொடுத்து, வசதியில்லாதவர்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் உதவுகிற ஒரு நிதியை ஏற்படுத்திவிட்டார். அவர் கட்டுரைகளை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இந்தச் செய்தியைப் படித்த அன்று, முகம் பார்க்காத ஒருவருக்குக் கை கூப்பத் தோன்றியது.

அம்மாவின் பரிசோதனையில் பிழை இல்லை. அதனால் எனக்கும் அது வர வழியில்லை. சித்தி மகளுக்கு இருக்கிறது. முப்பத்தொரு வயது, ஒரு குழந்தை, இன்னொன்று வேண்டும் என்கிறாள். சினைப்பையை எப்போது எடுப்பது என்று வாரத்துக்கு ஒருமுறையாவது போனில் பேசிக்கொள்கிறோம். அதை இதற்குமேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் போனபோது சித்தி, "நீ எண்ணுவியே, அந்தத் தட்ட காட்டு" என்றார். போனில் ஒரு படம் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டு, இரண்டிலும் ஒரே அளவு மருந்து. இடதுபக்கம் முழுக்க ஊதாப் புள்ளி. வலதுபக்கம் ஒன்றுமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வலதுபக்கத் தட்டை மட்டும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமா சித்தி."

"எனக்கு அனுப்பி வை" என்றார். அனுப்பினேன். மணி ஒன்பதாகியிருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.